பெட்டிக்குள் ஒரு தம்ளர் தண்ணீர்

மூன்றாவது துளி ரத்தமும் அதையேதான் சொன்னது. நானூற்றுத் தொண்ணூறு.

முதல் துளியை அவள் நம்பவில்லை. இரண்டாவதை நம்பப் பிடிக்கவில்லை. மூன்றாவதற்குக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, விரலை மாற்றிக் குத்திப் பார்த்தாள். அதற்குள் வயிறு மறுபடி புரட்டிக்கொண்டு வந்தது. வாஷ்பேசினின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வெறும் தண்ணீர்தான் வந்தது. வாயெல்லாம் அழுகிய பழத்தின் வாடை. நாலு மாடி ஏறி ஓடிவந்தவள் மாதிரி மூச்சு வாங்கியது. அவள் எங்கேயும் ஓடவில்லை. காலையிலிருந்து படுத்துத்தான் கிடந்தாள்.

குளியலறைக் கதவு அதிர்ந்தது.

"கதவைத் திறடி! உள்ள என்ன பண்ற? எதையாவது மென்னு முழுங்கிட்டு இருக்கியா?"

"வாந்தி எடுக்கிறேம்மா!"

"வாந்தி எடுக்கிற அளவுக்கு என்னத்தத் தின்ன?"

அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இன்னொரு தடவை வாந்தி வரும் என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது கூடத்தின் நடுவில் அவளுடைய பள்ளிக்கூடப் பை தலைகீழாகக் கிடந்தது. அம்மா தரையில் மண்டியிட்டு அதன் ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். சட்டை கம்பெனியில் அம்மா செக்கர். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டைகளைத் திருப்பிப் போட்டு, தையல் விட்ட இடம், பட்டன் தொங்கும் இடம், காலர் கோணிய இடம் எல்லாவற்றிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கத் தெரியாது.

"சாக்லேட் பேப்பர் எங்கடி?"

"தின்னாத்தானே பேப்பர் இருக்கும்."

"இந்த வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல." அம்மாவின் கையில் நாலாக மடித்த ஒரு தாள் சிக்கியது. "இது என்ன?"

"போன மாசம் சுகர் நர்ஸ் குடுத்தது. எழுதிக் குடுக்கச் சொன்னாங்க."

அம்மா பிரித்துப் பார்த்தாள். ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நாலு கட்டங்கள். ஒன்றிலும் மை படவில்லை. சாக்லேட் பேப்பர் இல்லை என்பதால் அதை ஓரமாகப் போட்டுவிட்டு, அடுத்த ஜிப்புக்குப் போனாள்.

கீழே பட்டறையிலிருந்து அப்பா படியேறி வந்தார். கையில் கிரீஸ், காதுக்கு மேல் ஒரு டெஸ்டர். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவர் மகளைப் பார்த்தார், மெஷினில் இருந்த எண்ணைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"எறும்பு, ஊசி போட்டியா இல்லையா?"

"போட்டேம்பா."

"நிஜமா?"

அந்த ஒரு வார்த்தை வயிற்றுப் புரட்டலைவிடக் கொடுமையாக இருந்தது. போட்டாள். காலையிலும் ராத்திரியிலும் அம்மா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, மதியம் பள்ளிக்கூடத்தில் தனியாக, ஒரு வேளை விடாமல் போட்டாள். பத்தொன்பது நாளாக அப்படித்தான். ஆனாலும் எண்கள் இருநூற்றைம்பது, முந்நூறு, முந்நூற்றறுபது என்று ஏறிக்கொண்டே இருந்தன. அவள் 'போட்டேன்' என்று சொல்லச் சொல்ல, வீட்டில் நம்பிக்கை இறங்கிக்கொண்டே இருந்தது.

"நிஜமாத்தாம்பா," என்றாள். அதற்கு மேல் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துச் சரிந்து உட்கார்ந்தாள்.

அப்பா வேனை எடுத்தார். காஸ் சிலிண்டருக்கும் பழைய கம்ப்ரசருக்கும் நடுவே, அம்மாவின் மடியில் தலை வைத்து அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அம்மா வழி முழுக்கத் திட்டினாள். திட்டிக்கொண்டே அவள் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய அம்மாவால்தான் முடியும்.

*

அவர்கள் நம்பாததற்குக் காரணம் இருந்தது. அதைத்தான் அவளால் மறுக்க முடியவில்லை.

பத்து வயதில் சர்க்கரை வந்தது. இப்போது பதினாறு. ஆறு வருடம், ஒரு நாளைக்கு மூன்று ஊசி, நாலு முறை விரல் குத்தல். 'எறும்பு' என்பது அதற்கு முன்பே அப்பா வைத்த பெயர். சின்ன வயதில் பட்டறையில் சிந்திக் கிடக்கும் திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவுக்குக் கொண்டுபோவாளாம். நோய் வந்த பிறகு அம்மா, "இனிமே அந்தப் பேரைச் சொல்லாதீங்க, பசங்க கேலி பண்ணுவாங்க," என்றாள். பத்து வயதுப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "என் பேரை நான் மாத்த மாட்டேன். கேலி பண்றவன் பேரை மாத்திக்கட்டும்."

அப்படிப்பட்டவள்தான் ஒரு மாதத்துக்கு முன்னால் மதிய ஊசியை நிறுத்தினாள். பதினொரு நாள்.

இளைக்கவேண்டும் என்று அதைச் செய்யவில்லை. சாக வேண்டும் என்றும் இல்லை. ஒரு மதியம் பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்கார்ந்து ஊசிப் பையைப் பார்த்தாள். திறக்கக் கை வரவில்லை. கை மரத்துப் போகவில்லை, அவள்தான் எங்கேயோ மரத்துப் போயிருந்தாள். தோழிகள் சிரித்தது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது மாதிரி இருந்தது. இன்றைக்குப் போட்டால் நாளைக்கும் போட வேண்டும், நாளைக்குப் போட்டால் நாளன்றைக்கும். முடிகிற கணக்காகத் தெரியவில்லை. பையை மூடிவிட்டாள். மறுநாளும் மூடினாள். நோட்டில் மட்டும் நல்ல பிள்ளையாக நூற்றிருபது, நூற்றைம்பது என்று எண்களை எழுதி வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் அம்மா ஊசிகளை எண்ணிப் பார்த்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் சட்டம் மாறியது. சமையலறை ஃப்ரிட்ஜில் இருந்த மருந்துக் குப்பிகள் அங்கிருந்து போயின. அப்பா ஏதோ ஒரு ஹோட்டல் அறையிலிருந்து கழித்துக் கட்டிய குட்டி ஃப்ரிட்ஜை எடுத்து வந்து, உள்ளே எல்லாவற்றையும் மாற்றி, நீலப் பெயின்ட் அடித்து, பூட்டும் போட்டு, கூடத்து மூலையில் வைத்தார்.

"உன் மருந்துக்குன்னே தனி வீடு," என்றார், பெண்ணுக்குச் சீர் செய்தவர் மாதிரி. "கம்ப்ரசர் புதுசு. எந்த வெயிலுக்கும் அசையாது."

சாவி அம்மாவின் கழுத்துச் சங்கிலியில். விடியற்காலை ஐந்தரைக்குப் பூட்டைத் திறப்பாள். குப்பியைச் சரியாகப் பார்க்காமலே மேஜைமேல் வைத்துவிட்டுச் சமையல் வேலைக்குப் போவாள். ஏழு மணிக்கு அதை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டியபடி வந்து, "இன்னமும் எவ்வளவு ஜில்லுனு இருக்கு பாரு, உங்கப்பா கை வச்சா கை வச்சதுதான்," என்பாள். மதிய வேளைக்கு ஒரு ஊசியில் அளவெடுத்து மகளின் பையில் வைத்துவிட்டு, குப்பியை மறுபடி உள்ளே பூட்டுவாள்.

யாரும் அவளிடம் ஏன் நிறுத்தினாய் என்று கேட்கவில்லை. எப்படி நிறுத்தினாய், எத்தனை நாள் நிறுத்தினாய், எங்கே ஒளித்து வைத்தாய் என்று கேட்டார்கள். அத்தை ஃபோனில், "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குக் கொழுப்பு," என்றாள். அம்மா ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டாள்.

*

ஆஸ்பத்திரியில் முதல் நாள் அவளுக்கு ஞாபகமே இல்லை. கையில் ட்ரிப், பக்கத்தில் ஏதோ டிக் டிக் என்று ஓடியது. இரண்டாம் நாள் சாயங்காலம் எண் இருநூற்றுப் பத்து. மூன்றாம் நாள் சாதாரண ஊசிக்கு மாற்றினார்கள். அவள் வீட்டில் போடும் அதே மருந்து, அதே அளவு, அதே தொடை. நூற்று நாற்பது வந்தது.

அம்மா அந்தத் தாளைப் பார்த்தாள். சட்டையில் பட்டன் இல்லாத இடத்தைக் கண்டுபிடித்தவளின் முகம்.

"பாத்தியா? நர்ஸ் போட்டா இறங்குது. மதியம் ஸ்கூல்ல நீயா போட்டா ஏறுது. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

அன்று மதியம் முழுக்கக் கூரையில் சுற்றும் ஃபேனைப் பார்த்தபடி கிடந்தாள். பயம் மெதுவாக உள்ளே இறங்கியது. ஒருவேளை நிஜமாகவே மதிய ஊசியை நான் போடவில்லையோ? போட்டதாக நினைத்துக்கொண்டு போடாமலே விட்டேனோ? முன்பு பதினொரு நாள் பொய் எழுதிய கைதானே இது. எல்லோரும் ஒன்றைச் சொல்லி, எண்ணும் அதையே சொன்னால், தன்னை மட்டும் எந்தத் தைரியத்தில் நம்புவது?

சுகர் நர்ஸ் வந்தார். குட்டையான பெண், காலில் ஆண்கள் போடும் கேன்வாஸ் ஷூ. வார்டு வார்டாக ஓடுகிறவர்.

"மனசு எப்படிம்மா இருக்கு?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கா," என்றாள் அம்மா.

"நான் உங்களைக் கேக்கலம்மா. கீழ மருந்து வாங்க லைன் பெருசா இருக்கு. இப்பவே போய் நின்னாத்தான் கிடைக்கும்." சீட்டை நீட்டினார். அம்மா முறைத்துக்கொண்டே போனாள்.

நர்ஸ் மருந்துக் குப்பியை எடுத்து உருட்டினார். அவள் அதையே பார்த்தாள். வெள்ளையாக, ஒரே சீராக, பால் மாதிரி. எங்கேயோ இடித்தது.

"அக்கா, இதுல உப்பு இல்லையே?"

"என்ன உப்பு?"

"எங்க வீட்டு மருந்துல பாட்டில் உள்பக்கம் உப்பு பூத்த மாதிரி ஒட்டியிருக்கும். உருட்டினாலும் போகாது. புது பாட்டிலும் அப்படித்தான். கொஞ்ச நாளா."

நர்ஸின் கை நின்றது. "எங்க வைக்கிறீங்க?"

"எங்கப்பா செஞ்ச ஃப்ரிட்ஜ்ல."

"மருந்து உறைஞ்சா அப்படித்தான் ஆகும். ஒரு தடவை ஐஸ் ஆகி உருகிட்டா அதுல ஒண்ணும் இல்ல. தண்ணியக் குத்திக்கிற மாதிரிதான்." குப்பியைக் கீழே வைத்தார். "நீ போட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்க, இல்ல?"

அவள் அழுதாள். மூக்கு ஒழுக, சத்தமாக, பக்கத்துப் படுக்கைக்காரர் எட்டிப் பார்க்கும்படி அழுதாள். சோகத்தில் இல்லை. கோபத்தில். மூன்று வாரமாக இல்லாத கோபம் அது. எங்கே போயிருந்ததோ, சாவகாசமாக இப்போது வந்து சேர்ந்தது.

"நான் உங்க அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம். நான் பாத்துக்கிறேன்."

"அந்தப் பேப்பர் என்னாச்சு? ஒம்போது கேள்வி?"

"வீட்ல கிடக்கு."

"வியாழக்கிழமை எடுத்துட்டு வா. எழுதி எடுத்துட்டு வா. மனநல டாக்டர் அன்னைக்குத்தான் வருவாங்க. அதுக்கு முன்னாடி ரொம்ப முடியலன்னா எனக்கு ஃபோன் பண்ணு, எந்நேரமா இருந்தாலும்." எண்ணை அவள் உள்ளங்கையிலேயே பேனாவால் எழுதிவிட்டு, கேன்வாஸ் ஷூ கீச்சிட ஓடினார்.

*

வீட்டுக்கு வந்ததும் அம்மா கழுத்துச் சங்கிலியை எடுத்து நீலப் பெட்டியைத் திறந்தாள். "புது மருந்தக் குடு, உள்ள வைக்கிறேன்."

அவள் குப்பியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "குடுக்க மாட்டேன்."

"என்னது?"

"அதுல வைக்க விடமாட்டேன். அது ஐஸ் ஆக்குது. அதான் என் ஊசி வேலை செய்யல."

அப்பா, அடுத்தவர் வீட்டு ஃப்ரிட்ஜைப் பற்றிப் பேசுவது போல முதலில் தலையாட்டினார். பிறகுதான் உறைத்தது.

"யாரு, நான் செஞ்சதா? இருபது வருஷமா இதே தொழில். சோடாக் கடைக்காரன்லேருந்து ஹோட்டல்காரன் வரைக்கும் என்னைத்தான் கூப்பிடுறான்."

"தப்பை உங்க மேல போடுறா பாருங்க," என்றாள் அம்மா. "ஆஸ்பத்திரில மூணு நாள் படுத்துட்டு வந்தும் புத்தி வரல."

அப்பா டெஸ்டர் பையிலிருந்து ஒயர் வைத்த தெர்மாமீட்டரை எடுத்து வந்தார். பெட்டிக்குள் விட்டுக் கதவை மூடினார். மதிய வெயில் ஜன்னல் வழியாக அந்த நீலப் பெயின்டின் மேலேயே அடித்தது. மூன்று பேரும் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து, பிரசவ அறைக்கு வெளியே காத்திருப்பவர்களைப் போலக் காத்திருந்தார்கள்.

நாலு டிகிரி.

"பாத்தியா!" அப்பா தொடையில் தட்டினார். "அச்சுல வார்த்த மாதிரி நாலு! மருந்துக் கம்பெனிக்காரன்கூட இவ்ளோ கரெக்டா வைக்க மாட்டான்."

அவளுக்குக் காதில் ஊவென்று இரைந்தது. விட்டுவிடலாம் போல இருந்தது. விட்டுவிடுவது அவளுக்கு இப்போது நன்றாகப் பழகிய காரியம். குப்பியைக் கொடுத்துவிட்டு, போய்ப் படுத்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டால் போதும்.

எழுந்து சமையலறைக்குப் போனாள். எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் பிடித்தாள். ததும்பத் ததும்ப எடுத்து வந்து, பெட்டியின் நடுத்தட்டில், மருந்து வைக்கும் அதே இடத்தில் வைத்தாள்.

"இது பகல் நாலு. ராத்திரி எவ்வளவுன்னு இந்தத் தம்ளர் சொல்லட்டும். பூட்டுங்க. சாவி அம்மாகிட்டயே இருக்கட்டும். நாளைக்குக் காலைல தண்ணி தண்ணியா இருந்தா, நான் பொய்க்காரின்னு அத்தைக்கு நானே ஃபோன் போட்டுச் சொல்றேன்."

"என்னடி இது கோர்ட்டு கச்சேரி மாதிரி."

"ஆமா. அப்படித்தான் வச்சுக்கோ."

புதுக் குப்பி அன்று சமையலறை ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில் தூங்கியது. அம்மா நீலப் பெட்டியைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

விடிந்தது. ஐந்தரைக்குச் சாவி திரும்பும் சத்தம் கேட்டபோது அவள் ஏற்கெனவே கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அப்பாவும்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள்.

அம்மா தம்ளரை வெளியே எடுத்தாள். எடுத்தபடியே அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா அதைக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. ஐஸ் விளிம்புக்கு மேலே மொட்டு மாதிரி புடைத்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினார். கல்லில் தட்டிய சத்தம்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சோடாக் கடைப் பெட்டிக்கு வைக்கிற மாதிரியே வச்சுட்டேன்," என்றார், யாரிடமோ சொல்வது போல. "உச்சி வெயில்ல நாலு வர்ற மாதிரி திருகி வைப்போம். ராத்திரி சூடு குறைஞ்சா தானா ஐஸ் கட்டும். சோடா ஐஸ் கட்டினா கடைக்காரன் சந்தோஷப்படுவான். மருந்துன்னு எனக்குத் தோணவே இல்லையே. நான்தான்... எறும்பு, நான்தான்..."

அம்மா அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுநூறு சட்டையில் ஒரு தையல் தப்பினாலும் பிடிப்பவள், தினமும் காலையில் அந்தக் குப்பியை உருட்டியும் ஒட்டியிருந்த உப்பைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அல்லவா?

"அப்ப மதியமும் நீ போட்டுக்கிட்டேதான் இருந்திருக்க," என்றாள். அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "என் தங்கமே, நான் ஒரு பாவி, என்னென்ன பேசிட்டேன்!"

அரை மணி நேரத்தில் வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அம்மா அத்தைக்கு ஃபோன் போட்டு, தூக்கத்தில் எழுப்பி, "எம் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல, எல்லாம் உங்க தம்பி செஞ்ச பெட்டி!" என்று கத்தினாள். அப்பா பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றிப் போட்டு, குளிரின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கையில் வைத்துத் திட்டினார். "இதான் வில்லன். இதை மாத்திட்டா முடிஞ்சது. இனிமே ஒரு பிரச்சினையும் இல்ல."

முடிஞ்சது.

அவள் அந்த வார்த்தையைக் கேட்டாள். எவ்வளவு வசதியாக இருந்தது! பேசாமல் இருந்தால் போதும். பதினொரு நாளையும் அந்தப் பெட்டியின் தலையிலேயே கட்டிவிடலாம். யாரும் நாள் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. நல்ல பிள்ளை என்ற பட்டம் திரும்பக் கிடைத்துவிட்டது, பூட்டும் போய்விடும். மறுபடி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்துகொள்ளலாம்.

பையருகே கிடந்த தாளை எடுத்தாள். நீலப் பெட்டியின் மேல் வைத்து நீவினாள். பேனாவைத் திறந்தாள்.

"என்ன பண்ற?" என்றாள் அம்மா, ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே.

"முதல் கேள்வி. எந்த விஷயத்திலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்தீர்களா." சத்தமாகவே படித்தாள். "கிட்டத்தட்ட தினமும்." கட்டத்துக்குள் கோடு போட்டாள். "ரெண்டாவது. மனச்சோர்வாக, நம்பிக்கையில்லாமல். இதுவும் தினமும்."

"அண்ணி, அப்புறம் பேசறேன்." அம்மா ஃபோனை வைத்தாள். "ஏண்டி, அதான் எல்லாம் சரியாயிடுச்சே! பெட்டிதான் காரணம்னு தெரிஞ்சு போச்சே. இப்ப எதுக்கு இதை எழுதுற? இந்த வயசுல உனக்கென்ன கவலை?"

"அந்தப் பதினொரு நாள் நான்தாம்மா போடல. அப்ப இந்தப் பெட்டியே நம்ம வீட்ல கிடையாது." மூன்றாவது கட்டத்தில் கோடு போட்டாள். "அதை இதோட சேர்த்துக் கழிச்சுடாத. நான் விடமாட்டேன். வியாழக்கிழமை இதை எடுத்துட்டுப் போறேன். நீ கூட வந்தா வா, வராட்டி பஸ்ல போய்க்கிறேன்."

அம்மா உட்கார்ந்தாள். பிறகு கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றி, சாவியோடு பெட்டியின் மேல், தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வர்றேன்," என்றாள்.

அப்பா இன்னும் தெர்மோஸ்டாட்டைக் கையில் பிடித்தபடி இருந்தார். கெட்டுப்போனது எது என்று தெரிந்தால் போதும், அவரால் எதையும் சரிசெய்துவிட முடியும். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"அப்பா, பெட்டியைச் சரி பண்ணிடுவீங்க. மருந்து நல்லா இருக்கும். நான் ஒரு வேளை விடாம போடுவேன், நம்பர் நூத்தி இருபதுக்கு வந்துடும். அதுக்கப்புறமும் எனக்கு உள்ள இப்படியே இருந்தா, அப்ப எதைக் கழட்டிப் பாப்பீங்க?"